கடல் இல்லாத நாட்டின் கிண்ணம்

ஐரோப்பாவின் நடுவில், நாற்புறமும் நிலம் சூழ, ஆல்ப்ஸ் மலையின் மடியில் இருக்கும் நாடு சுவிட்சர்லாந்து. பனிச்சறுக்கு, கைக்கடிகாரம், சாக்லெட், வங்கி என அந்நாட்டின் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருபவை பல. கடல் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு முழம் கடற்கரைகூட அந்நாட்டுக்குச் சொந்தமில்லை. அப்படிப்பட்ட நாடு 2012ஆம் ஆண்டு ஐரோப்பியக் கடற்கரைக் காற்பந்து லீக்கின் கிண்ணத்தை வென்றது. அட்லாண்டிக் பெருங்கடலைப் பார்த்தபடி இருக்கும் போர்ச்சுகலும், மத்தியதரைக் கடலைத் தழுவியிருக்கும் ஸ்பெயினும் இத்தாலியும் அந்தப் பருவத்தில் மலைநாட்டுக்குப் பின்னால் நின்றன.

இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 2009இல், துபாயில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டம் வரை சுவிட்சர்லாந்து சென்றிருந்தது. 2011இல், நீண்ட பனிக்காலத்துக்குப் பேர்போன ரஷ்யா பிரேசிலையே வீழ்த்தி உலக வெற்றியாளர் ஆனது. 2025இல் சேஷெல்ஸ் தீவுகளில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் பிரேசிலை எதிர்த்து ஆடிய நாடு பெலருஸ். அந்நாட்டுக்கும் கடல் கிடையாது. அந்த ஆட்டத்தில் பிரேசிலால் 4-3 என்ற ஒரு கோல் வித்தியாசத்தில்தான் தப்ப முடிந்தது.

ஒரு விளையாட்டில் ஒரு நாட்டை முன்னுக்குக் கொண்டுவருவது எது? இயற்கை தந்த வரமா, மனிதர்கள் செய்து வைத்த ஏற்பாடா? கடற்கரைக் காற்பந்தின் வரலாற்றைப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு ஓரளவு தெளிவான விடை கிடைக்கிறது. அந்த விடையின் பெரும்பகுதி, 1998 முதல் ஐரோப்பாவில் கோடைதோறும் நடந்துவரும் ஒரு லீக்கில் இருக்கிறது.

கோப்பகபானா தந்த தொடக்கம்

பிரேசிலில் கடற்கரையில் பந்து உதைப்பது பல தலைமுறைகளின் பழக்கம். மாலையானால் மணலில் இரண்டு கம்பை நட்டு வைத்துக்கொண்டு ஆடத் தொடங்கிவிடுவார்கள். ஆனால், ஆளுக்கொரு விதமாக ஆடப்பட்ட அந்த ஆட்டத்துக்கு ஒரே விதிமுறை வந்தது 1992இல்தான். அவ்வாண்டு விதிகள் வகுக்கப்பட்டு, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒரு சோதனைப் போட்டி நடத்தப்பட்டது. மறு ஆண்டு மயாமி கடற்கரையில் அமெரிக்கா, பிரேசில், அர்ஜெண்டினா, இத்தாலி ஆகிய நான்கு நாடுகளின் குழுக்கள் மோதின. 1994இல் ரியோ டி ஜெனிரோ நகரின் கோப்பகபானா கடற்கரையில் நடந்த போட்டி தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பானது.

1995ஆம் ஆண்டு அதே கோப்பகபானாவில் முதல் உலக வெற்றியாளர் போட்டி நடந்தது. புல்திடலில் உலகப் புகழ் பெற்று ஓய்வடைந்திருந்த ஸிக்கோ, ஜூனியர் போன்றவர்கள் பிரேசிலுக்காக வெறுங்காலுடன் மணலில் இறங்கினார்கள். கிண்ணம் பிரேசிலுக்கே போனது. அதில் யாருக்கும் வியப்பில்லை. 1995 முதல் 2004 வரை நடந்த பத்து உலகப் போட்டிகளில் ஒன்பதைப் பிரேசில் வென்றது. 2001இல் மட்டும் போர்ச்சுகல் குறுக்கே வந்து, இறுதியாட்டத்தில் பிரான்ஸை வென்று கிண்ணத்தை எடுத்துச் சென்றது.

அந்தப் பத்தாண்டை மட்டும் பார்ப்பவர்கள், 'கடற்கரைதான் வெற்றியாளரை உருவாக்குகிறது' என்ற முடிவுக்கே வருவார்கள். பிரேசிலின் நீண்ட கடற்கரையும் அதன் காற்பந்து மோகமும் சேர்ந்தால் யார் போட்டி போட முடியும்? ஆனால், அதே பத்தாண்டுக்குள் ஐரோப்பாவில் இன்னொரு வேலை ஆரவாரமில்லாமல் தொடங்கியிருந்தது.

மணல் செய்யும் வேலை

அந்த வேலையைப் புரிந்துகொள்ள, இந்த ஆட்டத்தின் தன்மையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கடற்கரைக் காற்பந்து, புல்திடல் காற்பந்தின் சிறிய வடிவம் அன்று. திடலின் நீளம் 35 முதல் 37 மீட்டர், அகலம் 26 முதல் 28 மீட்டர். கோல்காவலரையும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர்தான். எத்தனை முறை வேண்டுமானாலும் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளலாம். ஆட்டம் இரண்டு பாதியாக நடப்பதில்லை. 12 நிமிடம் கொண்ட மூன்று பகுதிகளாக நடக்கும். காலணிக்கு இடமில்லை. மணல் குறைந்தது 40 சென்டிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும்.

இந்த 40 சென்டிமீட்டர் மணல்தான் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. புல்திடலில் பந்தைத் தரையோடு உருட்டிக்கொடுத்து ஆடுவார்கள். மணலில் பந்து உருளாது. எந்தப் பக்கம் துள்ளும் என்றும் சொல்ல முடியாது. ஆகவே, காலால் பந்தைக் கிண்டி மேலே தூக்கி, அது தரையைத் தொடும் முன் அடிக்க வேண்டும். தலைகீழாகப் பாய்ந்து அடிக்கும் உதை புல்திடலில் எப்போதாவது காணும் அதிசயம். மணலில் அது அன்றாடக் காட்சி. விழுந்தால் வலிக்காது என்பதும் அதற்கு ஒரு காரணம். தப்பாட்டத்துக்குக் கிடைக்கும் உதையின்போது எதிர்க்குழு சுவர்போல் வரிசையாக நிற்க முடியாது. உதைப்பவர் மணலைக் கையால் குவித்து, சிறு மேடு செய்து, அதன்மேல் பந்தை வைத்து அடிப்பார். நடுத்திடலிலிருந்து அடித்தாலே கோல் விழக்கூடிய தூரம் என்பதால், ஒரு சின்னத் தவறுக்கும் விலை அதிகம்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த ஆட்டம் சமநிலையில் முடியவே முடியாது. 36 நிமிடத்தில் முடிவு தெரியாவிட்டால் மூன்று நிமிடக் கூடுதல் நேரம்; அதிலும் தெரியாவிட்டால் பெனால்டி. வழக்கமான நேரத்தில் வென்றால் மூன்று புள்ளி, கூடுதல் நேரத்தில் வென்றால் இரண்டு, பெனால்டியில் வென்றால் ஒன்று என்ற கணக்கில் லீக்கின் பட்டியல் எழுதப்பட்டது. ஒரே வெற்றிக்கு மூன்று விதமான மதிப்பு! தற்காத்து ஆடி எப்படியாவது ஒரு புள்ளி வாங்கிப் போய்விடலாம் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். புல்திடலில் கற்ற திறமை மணலில் பாதிதான் உதவும். மீதிப் பாதியை மணலிலேயே, அதுவும் தரமான எதிர்க்குழுக்களோடு அடிக்கடி மோதித்தான் கற்க முடியும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். மணல் ஆட்டத்துக்கு அந்தப் பழமொழி அப்படியே பொருந்தும். கேள்வி என்னவென்றால், அந்த 'அடிமேல் அடி'க்கு வாய்ப்பை யார் ஏற்படுத்திக் கொடுப்பது?

கோடைதோறும் வரும் பருவம்

1998ஆம் ஆண்டு ஐரோப்பிய நாடுகளின் தேசியக் குழுக்களுக்கென ஒரு லீக் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் 'யூரோப்பியன் புரோ பீச் சாக்கர் லீக்' என்று அழைக்கப்பட்ட அது, பின்னர் 'யூரோ பீச் சாக்கர் லீக்' ஆனது. உலகக் கிண்ணம்போல் ஒரே இடத்தில் சில நாட்களில் முடிந்துவிடும் போட்டியாக அது அமைக்கப்படவில்லை. கோடை மாதங்களில் ஊர் ஊராகச் சென்று நடக்கும் சுற்றுகளாகவே அது வளர்ந்தது. ஒரு வாரக் கடைசியில் ஒரு நகரம், சில வாரங்கள் கழித்து இன்னொரு நகரம். நான்கு குழுக்கள் மூன்று நாட்களில் ஒன்றோடொன்று மோதும். அந்தப் புள்ளிகளையெல்லாம் கூட்டி, முன்னணிக் குழுக்கள் பருவத்தின் முடிவில் 'சூப்பர் ஃபைனல்' எனப்படும் இறுதிச் சுற்றில் சந்திக்கும்.

பிற்காலத்தில் இரண்டு பிரிவுகள் வந்தன. வலுவான குழுக்கள் முதல் பிரிவில்; வளர்ந்துவரும் குழுக்கள் இரண்டாம் பிரிவில். இரண்டாம் பிரிவில் சிறப்பாக ஆடினால் மேலே ஏறலாம். முதல் பிரிவில் அசட்டையாக இருந்தால் கீழே இறங்க நேரும். சிறிய நாடுகளுக்கு இது பெரிய கதவைத் திறந்துவிட்டது. உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெறாவிட்டாலும் ஒவ்வொரு கோடையிலும் நல்ல குழுக்களுடன் ஆட வழி இருந்தது. தோற்ற குழுவும் அடுத்த ஆண்டு திரும்பி வந்து, எங்கே தவறியது என்பதைச் சரிபார்த்துக்கொள்ள முடிந்தது.

கடற்கரைக்காகக் காத்திருக்கவும் இல்லை. ஹங்கேரிக்குக் கடல் இல்லை. பாலட்டோன் ஏரிக்கரையில் உள்ள சியோஃபோக் நகரில் ஆட்டங்கள் நடந்தன. கடலிலிருந்து நெடுந்தொலைவில் இருக்கும் மாஸ்கோவில் மணலைக் கொட்டித் திடல் அமைத்தார்கள். கடல் வராவிட்டால் என்ன, மணல் லாரியில் வரும் அல்லவா?

பெருந்தொற்று உலகையே முடக்கிய 2020ஆம் ஆண்டிலும் இந்தப் பருவம் முற்றாக நின்றுவிடவில்லை. மலைபோல் எழும் அலைகளுக்குப் பேர்பெற்ற போர்ச்சுகலின் நாசரே நகரில் சுருக்கமாக நடத்தி முடித்தார்கள். 1998 முதல் 2021 வரை 24 பருவங்கள்; எட்டு நாடுகள் கிண்ணத்தை வென்றிருக்கின்றன. போர்ச்சுகல் எட்டு முறை, ஸ்பெயினும் ரஷ்யாவும் ஐந்து ஐந்து முறை, இத்தாலி இரண்டு முறை, ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, உக்ரேன் ஆகியவை ஒவ்வொரு முறை. பிரேசிலின் ஒற்றை ஆதிக்கத்தோடு ஒப்பிட்டால், இந்தப் பட்டியல் எவ்வளவு விரிந்தது என்பது புரியும்.

நட்சத்திரங்களின் காலம்

லீக்கின் தொடக்க ஆண்டுகளில் கூட்டத்தை இழுத்தவர்கள் புல்திடல் நட்சத்திரங்கள்தான். மான்செஸ்டர் யுனைடெட்டின் எரிக் கான்டோனா 1997இல், முப்பது வயதிலேயே, ஓய்வு பெற்று உலகை வியக்கவைத்தார். அவர் அடுத்துக் கால் வைத்த இடம் மணல். பிரான்ஸின் கடற்கரைக் காற்பந்துக் குழுவில் ஆட்டக்காரராகவும் பின்னர் அதன் பயிற்றுநராகவும் அவர் இருந்தார். பல ஆண்டுகள் கழித்து 2020இல் பார்சலோனாவின் பயிற்றுநரான கீக்கே செட்டியெனும் ஓய்வுக்குப் பின் ஸ்பெயினுக்காக மணலில் ஆடியவர்தான்.

கான்டோனாவின் பிரான்ஸ் 2004ஆம் ஆண்டு ஐரோப்பிய லீக்கை வென்றது. அடுத்த ஆண்டு மே மாதம், ஃபிஃபா முதன்முறையாகத் தன் பெயரில் உலகக் கிண்ணத்தைக் கோப்பகபானாவில் நடத்தியது. பிரேசிலின் மண், பிரேசிலின் கூட்டம், பிரேசில் குழுவில் ரொமாரியோ. ஆனால், அரையிறுதியில் போர்ச்சுகல் பெனால்டியில் பிரேசிலை வெளியேற்றியது. இறுதியாட்டத்தில் போர்ச்சுகலும் பிரான்ஸும் 3-3 என முடிய, பெனால்டியில் பிரான்ஸ் வென்றது. ஃபிஃபாவின் முதல் கிண்ணம், ஐரோப்பாவில் ஆண்டுதோறும் மோதிக்கொண்டிருந்த இரண்டு குழுக்களுக்கு இடையிலேயே முடிவானது. கடற்கரையின் சொந்தக்காரர் மூன்றாம் இடத்துக்கு ஆட வேண்டியதாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நட்சத்திரங்கள் தொடங்கி வைக்கலாம். தொடர்ந்து நிறுத்திவைக்க அவர்களால் ஆகாது. 1998இல் லீக்கின் முதல் கிண்ணத்தை வென்ற ஜெர்மனி, ஃபிஃபாவின் கடற்கரை உலகக் கிண்ணத்துக்கு ஒருமுறைகூடத் தகுதி பெற்றதில்லை. முதல் உலகக் கிண்ணத்தை வென்ற பிரான்ஸ், 2008இல் தன் சொந்த மண்ணில், மார்செய் நகரில் நடந்த போட்டிக்குப் பிறகு 2025 வரை உலகக் கிண்ணத்தில் தலைகாட்டவில்லை. இரண்டுமே புல்திடலில் பேரரசுகள். இரண்டுக்கும் கடற்கரை உண்டு, பணம் உண்டு, ஆட்டக்காரர்களுக்கும் பஞ்சமில்லை. தொடக்கத்தில் கிடைத்த வெற்றியை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றத்தான் அவற்றால் முடியவில்லை.

மலைநாட்டின் பொறுமை

சுவிட்சர்லாந்தின் கதை இதற்கு நேர்மாறானது. அங்கே கான்டோனாவைப் போன்ற பெரிய பெயர் எதுவும் இல்லை. ஆஞ்சலோ ஷிரின்சி என்பவர் ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் இருந்து அந்தக் குழுவை வளர்த்தார். உள்நாட்டில் மணல் திடல்களில் லீக் நடந்தது. அதில் தேறியவர்கள் தேசியக் குழுவுக்கு வந்தார்கள். தேசியக் குழு கோடைதோறும் ஐரோப்பிய லீக்கில் போர்ச்சுகலையும் ஸ்பெயினையும் இத்தாலியையும் சந்தித்தது. தோற்றாலும் அடுத்த கோடையில் மீண்டும் வந்தது.

பலன் 2009இல் தெரிந்தது. அவ்வாண்டு நவம்பரில் துபாய் உலகக் கிண்ணத்தில் முதன்முறையாகக் களமிறங்கிய சுவிட்சர்லாந்து, இறுதியாட்டம் வரை முன்னேறியது. டேயான் ஸ்டான்கோவிச் அந்தப் போட்டியில் 16 கோல் அடித்து, அதிக கோல் அடித்தவராகவும் சிறந்த ஆட்டக்காரராகவும் தேர்வு பெற்றார். இத்தாலியின் இன்டர் மிலானுக்கு ஆடிய செர்பிய ஆட்டக்காரருக்கும் இதே பெயர்தான். ஆனால், இவர் வேறொருவர். இறுதியாட்டத்தில் பிரேசில் 10-5 என வென்றது. தோல்விதான். ஆயினும் கடலே இல்லாத ஒரு நாடு, கடற்கரைக் காற்பந்தின் தாய்வீட்டுக்கு எதிராக உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஐந்து கோல் போட்டது என்பதை யாராலும் மறுக்க முடியவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2012ஆம் ஆண்டுப் பருவத்தில், அந்தப் பொறுமைக்குக் கிண்ணம் கிடைத்தது. ஒரு நல்ல வாரத்தில் அதிர்ஷ்டத்தால் உலகக் கிண்ண இறுதியாட்டம் வரை போய்விடலாம் என்று வாதிடலாம். ஊர் ஊராகச் சென்று, புள்ளிகளைச் சேர்த்து, இறுதிச் சுற்றிலும் தாக்குப்பிடித்து ஒரு முழுப் பருவத்தை வெல்வதை அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது. அதனால்தான் 2009இன் இறுதியாட்டத்தைவிட 2012இன் கிண்ணத்துக்குப் பொருள் அதிகம்.

ஷிரின்சியின் கதையில் இன்னொரு சுவையான திருப்பமும் உண்டு. 2013ஆம் ஆண்டு உலகக் கிண்ணம் பசிபிக் பெருங்கடலின் நடுவே இருக்கும் தாஹித்தி தீவில் நடந்தது. எங்குத் திரும்பினாலும் கடல் தெரியும் அந்தத் தீவு, தன் குழுவுக்குப் பயிற்றுநராகத் தேர்ந்தெடுத்தது கடலில்லா நாட்டின் ஷிரின்சியை! தாஹித்தி அந்தப் போட்டியில் அரையிறுதிவரை சென்று நான்காம் இடம் பெற்றது. பிறகு 2015, 2017 ஆகிய இரண்டு உலகக் கிண்ணங்களிலும் இறுதியாட்டத்தில் ஆடியது. தீவுக்குக் கடல் என்றைக்கும் இருந்தது. முறையான பயிற்சிதான் புதிதாக வந்து சேர்ந்தது.

இருபது கோல் ஆட்டம்

ரஷ்யாவின் எழுச்சியும் லீக் வழியாகவே வந்தது. 2009இல் அந்நாடு முதன்முறையாக ஐரோப்பிய லீக்கை வென்றது. முன்னாள் காற்பந்து ஆட்டக்காரர் நிக்கோலாய் பிசாரெவ் குழுவைப் பயிற்றுவித்தார். 2011ஆம் ஆண்டுப் பருவத்திலும் லீக் கிண்ணம் ரஷ்யாவுக்கே கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் இத்தாலியின் ரவென்னாவில் உலகக் கிண்ணம். அதற்கு முன் நான்கு முறை தொடர்ந்து கிண்ணத்தை வென்றிருந்த பிரேசில் இறுதியாட்டத்தில் எதிரே நின்றது.

36 நிமிடத்தில் 20 கோல் விழுந்த ஆட்டம் அது. பிரேசில் எட்டு கோல் அடித்தது. எட்டு கோல் அடித்த குழு தோற்கும் என்று யாராவது நினைப்பார்களா? ரஷ்யா 12 கோல் போட்டு வென்றது. அந்தப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரராக ரஷ்யாவின் இல்யா லியோனொவ் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2013இல் தாஹித்தியில் ஸ்பெயினை 5-1 என வீழ்த்தி ரஷ்யா கிண்ணத்தைத் தக்கவைத்துக்கொண்டது. 2009க்குப் பிறகு பிரேசில் மீண்டும் உலகக் கிண்ணத்தைத் தொட 2017வரை எட்டு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

கடல் உள்ளவர்கள் கற்ற பாடம்

கடலில்லாதவர்கள் வெல்லத் தொடங்கியதும் கடலுள்ளவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. போர்ச்சுகலுக்கு 2013 கசப்பான ஆண்டு. உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றையே தாண்ட முடியாமல் போயிற்று. ஐரோப்பாவில் குழுக்கள் பெருகி, போட்டி அவ்வளவு கடுமையாகிவிட்டிருந்தது. அங்கே பெரிய பெயருக்குச் சலுகை எதுவும் கிடையாது. பின்னாளில் இரட்டை உலக வெற்றியாளரான ரஷ்யாவும் 2017 உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெறத் தவறியது.

போர்ச்சுகல் எழுந்து நின்ற விதம் பாராட்டுக்குரியது. 2015இல் சொந்த மண்ணில், எஸ்பின்யோ நகரில், தாஹித்தியை 5-3 என வென்று உலகக் கிண்ணத்தைப் பெற்றது. 2019ஆம் ஆண்டு அதன் பொற்காலம். மின்ஸ்க் நகரில் நடந்த ஐரோப்பிய விளையாட்டுகளில் தங்கம், ஐரோப்பிய லீக்கின் கிண்ணம், பராகுவேயின் லூக்கே நகரில் இத்தாலியை 6-4 என வீழ்த்தி உலகக் கிண்ணம் என மூன்றையும் ஒரே ஆண்டில் அள்ளிச் சென்றது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மின்ஸ்க் இருக்கும் பெலருஸுக்கும் கடல் இல்லை. பராகுவேக்கும் கடல் இல்லை. கடல்சூழ் வாழ்வில் ஊறிய போர்ச்சுகல், அந்த ஆண்டின் மூன்று கிண்ணங்களில் இரண்டைக் கடலே இல்லாத நாடுகளில்தான் வென்றது!

அந்தக் குழுவின் முதுகெலும்பாக விளங்கியவர் மாட்ஜெர். அங்கோலாவின் லுவாண்டா நகரில் பிறந்த ஜொவாவ் விக்டர் சராய்வாவுக்கு, 1987இல் போர்ட்டோ குழுவுக்கு ஐரோப்பியக் கிண்ணத்தை வென்று தந்த அல்ஜீரிய ஆட்டக்காரர் ரபா மாட்ஜெரின் பெயரே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. 2005இல் பிரான்ஸிடம் பெனால்டியில் தோற்ற குழுவில் இருந்தவர் அவர். 2006 உலகக் கிண்ணத்தில் 21 கோல் அடித்தவர். 2019இல் உலகக் கிண்ணத்தை உயர்த்திப் பிடித்த பிறகே ஓய்வு பெற்றார். ஏறக்குறைய இருபது கோடைகள் மணலில் நின்ற கால்கள் அவை. ஆண்டுதோறும் ஆட ஒரு பருவம் இல்லாமல் போயிருந்தால், நான்கைந்து போட்டிகளோடு அவரது பெயர் மறந்துபோயிருக்கும்.

தராசின் மறுதட்டு

ஏற்பாடே எல்லாம், இயற்கைக்கு வேலையே இல்லை என்று முடிவு கட்டிவிடுவதும் நியாயமாகாது. 2005 முதல் 2025 வரை ஃபிஃபா 13 கடற்கரை உலகக் கிண்ணங்களை நடத்தியிருக்கிறது. அவற்றில் பிரேசில் ஏழும் ஐரோப்பிய நாடுகள் ஆறும் வென்றன. 2024இலும் 2025இலும் தொடர்ந்து கிண்ணம் பிரேசிலுக்கே போனது. குழந்தைப் பருவம் முதல் மணலில் ஆடி வளர்ந்தவரின் கால் சொல்லும் சேதி வேறுதான். ஆனால், பத்துக்கு ஒன்பது என்றிருந்த ஆதிக்கம் ஏழுக்கு ஆறு என்று இறங்கியிருக்கிறது. ஐரோப்பா பெற்ற ஆறும் மூன்று நாடுகளுக்குப் பகிர்ந்து கிடைத்தவை: ரஷ்யா மூன்று, போர்ச்சுகல் இரண்டு, பிரான்ஸ் ஒன்று. மூன்றும் லீக்கையும் வென்ற நாடுகள்.

லீக்குக்கும் குறைகள் உண்டு. பருவம் சில மாதங்களுக்குள் முடிந்துவிடுகிறது. புல்திடல் ஆட்டக்காரர்களுக்குக் கிடைக்கும் ஊதியத்தில் சிறு பகுதிகூட மணலில் ஆடும் பலருக்குக் கிடைப்பதில்லை; வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடுபவர்கள் ஏராளம். அரசியலின் நிழலும் விழுந்திருக்கிறது. 2021இல் மாஸ்கோவில் ஜப்பானை 5-2 என வென்று ரஷ்ய ஆட்டக்காரர்கள் மூன்றாவது முறையாக உலக வெற்றியாளர்கள் ஆனார்கள். ஊக்கமருந்துத் தடை காரணமாக அப்போதே அவர்களால் நாட்டின் பெயரையும் கொடியையும் பயன்படுத்த முடியவில்லை. 2022 பிப்ரவரியில் உக்ரேன் மீது படையெடுப்பு நடந்ததும் ரஷ்யக் குழுக்கள் அனைத்துலகப் போட்டிகளிலிருந்து விலக்கி வைக்கப்பட்டன. 2024இல் துபாயில் உலகக் கிண்ணம் நடந்தபோது, முந்திய வெற்றியாளர் அங்கே இல்லை. ஐந்து முறை லீக்கை வென்ற ரஷ்யாவும், 2016இல் அதே லீக்கை வென்ற உக்ரேனும் ஒரே மணலில் மோதிக்கொண்ட கோடைகள் வெறும் நினைவாகிவிட்டன. ஏற்பாடு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் போர் அதைக் கலைத்துவிடும் என்பதற்கு இது சான்று.

ஆசியாவுக்கும் இதில் பாடம் இருக்கிறது. 2017 மார்ச் மாதம் மலேசியாவின் கோலத் திரங்கானுவில் ஆசியக் கடற்கரைக் காற்பந்துப் போட்டி நடந்தபோது ஈரான் கிண்ணத்தை வென்றது. அதே ஆண்டு உலகக் கிண்ணத்தில் மூன்றாம் இடத்தையும் பிடித்தது. 2021இல் ஜப்பான் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஆடியது. திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், ஆசியக் கண்டத்தின் போட்டி 2009க்குப் பிறகு ஆண்டுதோறும் நடந்ததில்லை. தென்கிழக்காசியாவின் நாடுகளுக்குக் கடற்கரைக்கோ, ஆண்டு முழுதும் அடிக்கும் வெயிலுக்கோ குறைவில்லை. குறைவது, தோற்ற குழு அடுத்த ஆண்டே திரும்பி வந்து தன்னைச் சோதித்துப் பார்த்துக்கொள்ள ஒரு பருவம்.

பிரேசிலுக்கு மணலை இயற்கை கொடுத்தது. சுவிட்சர்லாந்து அதை லாரியில் கொண்டுவந்து கொட்டியது. முதல் கோடையிலேயே கிண்ணம் கிடைத்துவிடவில்லை. லீக் பிறந்து பதினான்கு ஆண்டுகள் கழித்துத்தான் கிடைத்தது. அந்தப் பதினான்கு ஆண்டுகளும் ஐரோப்பாவில் கோடைதோறும் யாரோ ஓர் அட்டவணையைத் தயாரித்தார்கள், யாரோ மணலைச் சமப்படுத்தினார்கள், தோற்ற குழுக்கள் மறுபடியும் வந்து சேர்ந்தன. கடலில்லாத நாட்டின் கிண்ணத்துக்குப் பின்னால் இருந்தது அவ்வளவுதான்.